பதினாறாம் பேட்ச்சின் ஓரத் துண்டுகள்

நடந்தது வரிசையாக இது:

1. ஜனவரி மாதத்தில் ஒரு காலை, கண்டிக் குளிரில் தேங்காய் எண்ணெய் அது வரும் இரும்புப் பீப்பாயான பரலுக்குள்ளேயே உறைந்திருந்தது.

2. பரலின் உட்சுவரில் ஒட்டிய எண்ணெய் கலவைத் தொட்டிக்குள் வரவில்லை. கோஸ்டிக் சோடா மட்டும் முழு அளவில் போனது.

3. மூன்றாம் நாள் சவர்க்காரப் பாளத்தைக் கட்டிகளாக வெட்டினோம். வெட்டும்போது கழியும் ஓரங்களை வழமைபோலக் கூடையில் போட்டோம்.

4. அடுத்த நாள் சோதித்தேன். காரம் கூடுதலாக இருந்தது. பேட்ச்சை நிறுத்தினேன். ஒரு கட்டிகூட வெளியே போகவில்லை.

5. சனிக்கிழமை, கூடையில் இருந்த ஓரத் துண்டுகளைப் பெண்கள் பகிர்ந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

6. ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் தோல் உரிந்திருந்தது.

7. தன் பாலில்தான் குற்றம் என்று நம்பி, அந்தக் குழந்தையின் தாய் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

நான்காவதற்காக எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. ஐந்தாவது நடந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான்காவதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஐந்தாவதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாக்குக்கு லீவு

எங்கள் தொழிற்சாலை பல்லேகல பக்கம், பெரிய கம்பெனிகளின் மதில்கள் எல்லாம் முடிந்த பிறகு வரும் நீளமான தகரக் கூரை. குழந்தைகளுக்கான சவர்க்காரம் மட்டும் செய்கிறோம். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஆமணக்கெண்ணெய், தண்ணீர், கோஸ்டிக், வெனிவெல் என்னும் மரமஞ்சள் சாறு. வாசனை எதுவும் போடுவதில்லை. கலவையைக் கொதிக்க வைப்பதும் இல்லை. கலந்து, சட்டத்தில் ஊற்றி, இறுகிய பிறகு வெட்டி, நான்கு வாரம் தட்டில் காயவைத்துப் பொதி செய்கிறோம்.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. இரசாயனத்தில் டிப்ளோமா முடித்திருந்தேன். வீடு அலவத்துகொட. தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். முதல் நாள் அவர் என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய், ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு பியூரெட் இவற்றைக் காட்டி, "இதுதான் மகள் ஒங்கட ராச்சியம். தராசு கொஞ்சம் ஆடும். கடதாசி வச்சிக் கொள்ளுங்க" என்றார்.

அதே நாள்தான், கலவைத் தொட்டிக்குப் பொறுப்பான சுனில் அண்ணன் ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் வைப்பதைப் பார்த்தேன்.

"என்ன செய்றீங்க அண்ணன்?"

"டெஸ்ட், மிஸ்." அவர் சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார், ஹரி என்றால் சரி. "நாக்கைக் கடிச்சா, ஹரி இல்ல. கடிக்கல்ல, அப்ப ஹரி."

"இனி வேணாம். அதுக்குத்தான் நான் வந்திருக்கிறேன்."

"ஹரி மிஸ். நாக்குக்கு லீவு."

பொதி செய்யும் மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் யோகேஸ்வரி. திகன பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வருகிறவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு தட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை கட்டி என்று சொல்வாள். யார் எந்த நாள் லீவு, யாருடைய குடை யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் எழுதி வைப்பதை அவள் எழுதாமலே வைத்திருந்தாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்தது.

சவர்க்காரத்தில் காரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைப் புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோஸ்டிக் எண்ணெயோடு சேர்ந்துதான் சவர்க்காரமாகிறது. எண்ணெய் குறைந்தால், சேராத கோஸ்டிக் கட்டிக்குள் அப்படியே நிற்கும். உங்கள் கையில் பட்டால் கொஞ்சம் வறளும், எரியும், பிறகு சரியாகிவிடும். பிறந்து ஒரு மாதமான குழந்தையின் தோல் அப்படியல்ல. மெல்லியது. தன்னைக் காத்துக்கொள்ள அது இன்னும் பழகவில்லை. கழுத்திலும் அக்குளிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாக இருப்பதால், கழுவிய பிறகும் நுரை உள்ளே தங்கிவிடும். தங்கிய இடத்தில் தோல் சிவக்கும், உரியும்.

ஹோல்ட் அட்டை

கண்டியில் ஜனவரிக் காலைகளில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். வீட்டுப் போத்தல் என்றால் வெயிலில் வைத்து உருக்கலாம். பரலை அடுப்பு வைத்து உருக்கவேண்டும். அன்று சுனில் அண்ணன் உருக்கினார், ஊற்றினார். அடியில் உருகாமல் ஒரு தடித்த பட்டை நின்றதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் பதினாறாம் பேட்ச்சின் மாதிரியை மதுசாரத்தில் கரைத்து, காரத்தை நிறத்தால் காட்டும் பினோப்தலீன் விட்டேன். குடுவை பளிச்சென்ற இளஞ்சிவப்பு. அமிலத்தை விட்டுக்கொண்டே போகிறேன், நிறம் போகவில்லை. மூன்று முறை செய்தேன். பிறகு, வெளியே விடாதே என்று சொல்லும் சிவப்பு ஹோல்ட் அட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுகளில் கட்டினேன். வேலைக்குச் சேர்ந்து நான் கட்டிய முதல் ஹோல்ட் அட்டை அது.

ஹாஜியார் வந்து தட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முழுசுமா?"

"முழுசும் ஹாஜியார்."

"காயவச்சா சரிவராதா?"

"வராது. எண்ணெய் குறைவு. காயக் காய எண்ணெய் கூடாதே."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "பிள்ளைகள்ட சாமான். நிப்பாட்டினது சரி" என்றார். பின்னேரம் எல்லோருக்கும் முன்னால், "இந்த மகள் இல்லாட்டி நம்மட பேர் போயிருக்கும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

எனது பேட்ச் படிவத்தில் அப்போது பதின்மூன்று வரிகள் இருந்தன. எண்ணெய் நிறை, கோஸ்டிக் நிறை, வெப்பநிலை, சட்டங்களின் எண், கட்டிகளின் எண் என்று போகும். பதின்மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். அதை நானே வரைந்திருந்தேன் என்பதில் எனக்குப் பெருமை.

சனிக்கிழமை அரை நாள். போகும் நேரத்தில் ஓரத் துண்டுகளைப் பகிர்வது நான் வருமுன்பே இருந்த வழக்கம். கூடையைப் பொதி மேசையில் கவிழ்த்து, ஆளுக்கு ஒரு குவியல். லீவில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோய்க் கொடுப்பாள். துண்டுகளை ஒரு மாதம் ஜன்னல் கட்டையில் காயவைத்த பிறகுதான் பாவிக்கவேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

யோகேஸ்வரி அப்போது பிரசவ லீவில் இருந்தாள். பெண்குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவளுடைய பங்கைப் பக்கத்து லய வீட்டில் இருக்கும், எங்களோடு பொதி செய்யும் சித்ரா ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"மிஸ், ஒங்க பங்கு?"

"என்டதையும் யோகேஸ்வரிக்குக் கொண்டுபோங்க. பிள்ளை இருக்கிற வீடு" என்றேன்.

ஹோல்ட் அட்டை தொங்கிய தட்டுகள் அந்த மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தன. கூடையில் அட்டை இல்லை. படிவத்தில் கூடைக்கு வரி இல்லை.

குழாயடியில்

பெப்ரவரிப் பௌர்ணமிப் போயா லீவில் சித்ராவோடு குழந்தையைப் பார்க்கப் போனேன். பையில் தொழிற்சாலையின் பரிசுப் பெட்டி ஒன்று இருந்தது. நல்ல பேட்ச்சிலிருந்து நானே தெரிந்து எடுத்த ஆறு கட்டிகள்.

"வாங்க மிஸ், வாங்க. கதிரையில ஒக்காருங்க" என்று யோகேஸ்வரி எழுந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். அவள் கணவனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் அவனுடைய மூத்த அக்கா பார்வதிதான் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கங்காணிக்கே எதிர்த்துப் பேசுகிறவள் என்று சித்ரா வழியிலேயே சொல்லியிருந்தாள்.

குழந்தை பழைய சேலைத் துணியில் படுத்திருந்தது. என் விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. நகம் அரிசிக் குருணை அளவு. பார்வதி துணியை மெதுவாக விலக்கினாள். கழுத்து மடிப்பில் சிவந்த கோடு. அதன் ஓரம் முழுவதும் வெங்காயச் சருகுபோல் தோல் எழும்பியிருந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் அப்படியே.

"பாருங்க மிஸ். முப்பத்தொண்ணாம் நாள் வரைக்கும் ரோசாப்பூ கணக்கா இருந்த புள்ள. தீட்டுக் கழிச்ச மறுவாரமே கரப்பான் வந்துருச்சி. இவ வாய அடக்கல."

"ஒரு துண்டு கருவாடு அக்கா" என்றாள் யோகேஸ்வரி. "ஒரே ஒரு துண்டு."

"ஒனக்கு ஒரு துண்டு. புள்ளைக்கு ஒடம்பு பூரா."

"இப்ப என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன்.

"சோறு, பூண்டு, மொளகு ரசம்" என்று பார்வதிதான் பதில் சொன்னாள். "மீன் இல்ல, முட்டை இல்ல, கத்தரிக்கா இல்ல, பருப்பு இல்ல. சுத்தமான பத்தியம்."

யோகேஸ்வரி குழந்தையின் கிளினிக் கார்டை எடுத்துக் காட்டினாள். நிறைக் கோடு முதல் மாதம் ஏறி, பிறகு படுத்துவிட்டிருந்தது. "பால் பத்தல மிஸ். குடிச்சிட்டே அழுவுது" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எப்படிக் குளிப்பாட்டுறீங்க?"

"முப்பத்தொண்ணு வரைக்கும் வெறும் தண்ணிதான். அதுக்குப் பொறகு சோப் போடுறோம். கரப்பான் வந்ததுலேருந்து ரெண்டு வேளையும் நல்லா நுரைக்கத் தேச்சுத்தான் ஊத்துறேன். நம்ம சோப்தானே மிஸ், பயமில்ல. நீங்க குடுத்துவிட்டதே இன்னும் இருக்கு."

கை கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். ஒரு சிரட்டையில் துண்டு இருந்தது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தை அழுத்தினால் உதிர்ந்தது. நல்ல சவர்க்காரம் வளையும், உதிராது. லேப் திகனயிலிருந்து எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் எனக்கு அப்போது தோன்றியது. துண்டைக் கழுவி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, நாக்கு நுனியில் வைத்தேன்.

கடித்தது. டோர்ச் பற்றரியின் முனையை நாக்கில் வைத்தால் சுள்ளென்று இழுக்குமே, அப்படி.

உள்ளே வந்து, "இன்னைக்கே சோப்பை நிப்பாட்டுங்க. இளஞ்சூட்டுத் தண்ணி மட்டும் போதும். நாளைக்குக் கட்டாயம் கிளினிக் போங்க" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"புண் இருக்கிற தோலுக்கு எந்த சோப்பும் வேணாம்."

அது பொய்யில்லை. அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. துண்டைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தேன். பரிசுப் பெட்டியை வெளியே எடுக்கவில்லை.

பத்தியம் வேலை செய்கிறது

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தத் துண்டைச் சோதித்தேன். பதினாறாம் பேட்ச்சில் எடுத்துவைத்திருந்த மாதிரியை மறுபடி சோதித்தேன். இரண்டும் ஒன்றுதான். ஹாஜியாரிடம் போய் முழுவதும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கி எப்பிடி இரிக்கி?" என்பதுதான் முதல் கேள்வி. கிளினிக் போகிறார்கள் என்றேன்.

"நல்ல தோல் டொக்டருக்கிட்ட காட்டுவம். வேன் அனுப்புறன். மருந்து என்ன வேணுமென்டாலும் நான் பாத்துக்கிறன். ஆனா மகள், எங்கட சோப்தான் என்டு சொல்லத் தேவல்ல. அது விக்கிற சாமான் இல்லயே. சும்மா குடுத்தது."

நான் சரி என்றேன். அந்தச் சரியையும் இந்தக் குறிப்பில் எழுதவேண்டும். சவர்க்காரத்தை நிறுத்திவிட்டார்கள், குழந்தைக்குச் சுகமாகிவிடும், பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கிளினிக்கில் சொன்னவற்றை யோகேஸ்வரி போனில் எனக்கு வரிசையாகச் சொன்னாள். பிற்பாடு இதைத் தட்டச்சு செய்து பொதி மேசைக்கு மேலே ஒட்டினேன்:

1. குளிக்க இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு நாளைக்கு ஒரு தரம், சில நிமிடங்கள் மட்டும்.

2. தேய்க்கக் கூடாது. உள்ளங்கையால் தண்ணீரை வார்க்கவேண்டும்.

3. துடைக்கும்போது துணியை ஒற்றி எடுக்கவேண்டும். மடிப்புகளை விரித்து ஒற்றவேண்டும்.

4. ஈரம் முழுவதும் போகுமுன் கிளினிக்கில் தரும் வெள்ளைக் களிம்பை மெல்லிசாகப் பூசவேண்டும்.

5. தளர்ந்த பருத்தித் துணி. பவுடர் வேண்டாம்.

6. பால் கொடுக்கும் தாய் எல்லாம் சாப்பிடலாம்.

எட்டு நாள் கழித்து மறுபடி போன் வந்தது. யோகேஸ்வரியின் குரல் மலர்ந்திருந்தது.

"மிஸ், கழுத்து காஞ்சிருச்சி. புதுத் தோல் வந்துருச்சி. தொட்டா வழுக்குது."

"நல்லம். சாப்பாடு?"

"அக்கா சொன்னது சரியாப் போச்சி மிஸ். பத்தியம் வேல செய்யுது. இன்னும் மூணு மாசம் இப்பிடியே இருக்கணுமாம். இப்பப் பூண்டையும் விட்டுட்டேன்."

"டொக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்றாங்களே."

"நானும் சொன்னேன். டொக்டர் எத்தன புள்ள பெத்தாங்கனு அக்கா கேக்குது."

"பிள்ளையின் நிறை?"

"ஏறல மிஸ். சாப்பாட்ட இன்னும் சுத்தமாக்கினா ஏறும்னு அக்கா சொல்லுது."

போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நான் காரணம் சொல்லாமல் சோப்பை நிறுத்தச் சொன்னேன், தோல் ஆறியது. தோல் ஆறியதால் பத்தியம் வென்றது. பத்தியம் வென்றதால் தாய் இன்னும் குறைவாகச் சாப்பிட்டாள். குழந்தையின் நிறைக் கோடு படுத்தே கிடந்தது. வரிசையாக எழுதிப் பார்த்தபோது அந்த வரிசையின் தொடக்கத்தில் நான் இருந்தேன்.

ஹாஜியாரிடம் போனேன். "நாளைக்கு லீவு வேணும். யோகேஸ்வரி வீட்டுக்குப் போறேன். சொல்லப் போறேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லாம ஏலாதா?"

"அவ சாப்பிடுறா இல்ல ஹாஜியார். எங்கட பிழைக்கு அவ பட்டினி கிடக்கிறா."

"சுனிலையும் கூட்டிப் போங்க. எண்ணெ ஊத்தின ஆள் அவன்" என்றார்.

"எண்ணெயில் நடந்த பிழையை நான் பிடிச்சேன். கூடையைப் பிடிக்காம விட்டது நான். நான் மட்டும் போறேன்."

"அப்ப வேன்ல போங்க மகள். பஸ்ல தொங்கிக்கொண்டு போய்ச் சொல்ற விசயமில்ல இது."

மூன்று சொட்டு

கொண்டுபோனவை மூன்று: அந்தத் துண்டு, நல்ல பேட்ச்சில் ஒரு கட்டி, பினோப்தலீன் துளிப் போத்தல்.

யோகேஸ்வரி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பார்வதி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பழைய கத்தி ஒன்று கேட்டு வாங்கி, துண்டையும் கட்டியையும் புதிதாகக் குறுக்கே வெட்டி ஒரு தட்டில் வைத்தேன்.

"இந்த மருந்து காரம் இருந்தா நிறம் மாறும்" என்று சொல்லி, நல்ல கட்டியில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர்போல் நின்றது. துண்டில் ஒரு சொட்டு விட்டேன். பீட்ரூட் வெட்டியதுபோல் பரவியது.

பார்வதி கீரையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பிள்ளையின் தோலைத் தின்றது இதுதான்" என்றேன். "ஜனவரியில் ஒரு பேட்ச் பிழைத்துப்போச்சு. நான் கட்டிகளை நிறுத்தினேன். ஓரத்தை நிறுத்த நினைவில்லை. என்ட பங்கையும் நான்தான் உங்களுக்கு அனுப்பினேன். பாலில் பிழை இல்லை. சாப்பாட்டில் பிழை இல்லை. பிழை என்னுடையது."

பார்வதி எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். டின் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு கருவாட்டோடு திரும்பி வந்து அதைத் தட்டில் வைத்தாள்.

"இதுலயும் ஒரு சொட்டு விடுங்க."

"அக்கா, இந்த மருந்து காரத்தை மட்டும்தான் காட்டும். கருவாட்டைப் பற்றி இது ஒண்ணும் சொல்லாது."

"விடுங்க மிஸ்."

விட்டேன். கருவாடு கருவாட்டு நிறத்திலேயே இருந்தது.

பார்வதி குனிந்து, தலையைச் சாய்த்து, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது ஒண்ணும் பண்ணல" என்றாள்.

"அதைத்தான் டொக்டர் சொன்னாங்க."

"டொக்டர் சொன்னாங்க. இத நா கண்ணால பாத்தேன்." கருவாட்டை டின்னில் திரும்பப் போடப் போனாள். மருந்து பட்டதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லி, நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையில் இரண்டு நாள் வாசம் போகவில்லை. வீட்டில் உம்மா கேட்டார், மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா என்று.

யோகேஸ்வரி குழந்தையின் கழுத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். புதுத் தோல் மினுங்கியது.

"சோப் போட்டா அழும் மிஸ்" என்றாள். "தண்ணி சூடுனு நெனச்சேன். தண்ணிய ஆத்தி ஆத்தி ஊத்துனேன். அப்பவும் அழுதா. நா இன்னும் கொஞ்சம் தேச்சேன்."

"நீங்க செய்தது எல்லாம் சரி. ஒரு மாதம் காயவைச்சீங்க. சொன்னபடிதான் செய்தீங்க."

"தெரியும்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "கட்டிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டீங்க. புள்ள மேல பட்டது நீங்க கையெழுத்துப் போடாத சோப்."

தலையை ஆட்டினேன்.

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, பொதி மேசையில் தட்டைப் பார்த்து எண் சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

"எத்தன வீட்டுக்குப் போச்சு மிஸ்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. டிப்ளோமா, படிவம், ஹோல்ட் அட்டை எல்லாம் இருந்தும் இந்த ஒரு வீட்டைத் தவிர வேறு வீடு என் நினைவுக்கு வரவேயில்லை.

"பேனா இருக்கா? எழுதுங்க" என்றாள். அன்று அவள் தொழிற்சாலையிலேயே இல்லை. ஆனால் சனிக்கிழமைப் பங்கு யார் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். இரண்டு பெயரில் சந்தேகம் வந்தபோது சித்ராவுக்குப் போன் எடுத்துக் கேட்டாள். பெயருக்குப் பக்கத்தில் வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்றும் எழுதச் சொன்னாள். அவளையும் சேர்த்துப் பதினொரு பெயர். மற்ற வீடுகளில் மூன்றில் சின்னப் பிள்ளைகள். அந்த மூன்று பேருக்கும் வாசலில் நின்றே போன் செய்தேன்.

நான் புறப்படும்போது உள்ளே எண்ணெய் காயும் சத்தம் கேட்டது. கருவாடு பொரியும் வாசம் வந்தது. "கத்தரிக்காயும் போடவா?" என்று பார்வதி அடுப்படியிலிருந்து கேட்டாள். "போடுங்க அக்கா" என்றாள் யோகேஸ்வரி. "பருப்பும் போடுங்க."

பதினான்காவது வரி

திங்கட்கிழமை பொதி மேசைக்கு முன்னால் நின்று எல்லோரிடமும் சொன்னேன். ஹாஜியார் என் பக்கத்தில் நின்றார். வரச்சொல்லி நான் கேட்கவில்லை. செவ்வாய்க்குள் எட்டு வீட்டுத் துண்டுகள் திரும்பி வந்தன. ஒரு வீட்டில் உடுப்புக் கழுவி முடித்துவிட்டார்கள். ஒருவருடைய கணவன் மோட்டார் சைக்கிள் கழுவியிருந்தார், பெயின்ட் நன்றாகப் பளபளக்கிறது என்றார். சித்ரா தன் துண்டைத் தரும்போது, "என் கையும் எரிஞ்சது மிஸ். மொளகா அரைச்சதாலனு நெனச்சேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். கை எரிந்ததைக் கேட்க அதுவரை யாரும் இருக்கவில்லை. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வீட்டில் துண்டு இன்னும் ஜன்னலில்தான் இருந்தது.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படிவத்தை நிரப்பி முடித்ததும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுந்து ஒரு தடவை தொழிற்சாலையைச் சுற்றி நடந்து வாருங்கள். படிவத்தில் இல்லாதது எது என்று கண்ணால் தேடுங்கள். பிறகு வந்து கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது நிலைமை இது. படிவத்தில் பதினான்கு வரிகள் இருக்கின்றன. பதினான்காவது: ஓரத் துண்டுகள் எங்கே, யாருடைய பொறுப்பில். பேட்ச் வெளியே போகும் நாள்வரை கூடையும் தட்டுகளோடு பூட்டிய அறையில் இருக்கும். சாவி யோகேஸ்வரியிடம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை எண்ணெய்ப் பரலைக் கவிழ்த்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே சுனில் அண்ணன் கோஸ்டிக் நிறுக்கிறார். சனிக்கிழமைப் பங்கு நடக்கிறது.

குழந்தையின் பெயர் லக்ஷிகா. நான்கு வயது. திகனயில் முன்பள்ளிக்குப் போகிறாள். ஜனவரியில் முழங்கை மடிப்பு கொஞ்சம் வறளும். குளித்த பிறகு தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். எங்கள் சவர்க்காரத்தைத்தான் பாவிக்கிறார்கள். யோகேஸ்வரி ஒவ்வொரு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். நான் தடுப்பதில்லை.